கவிழ்த்து வைத்த யானை

பயப்படுவதற்கும் ஒரு திறமை வேண்டும். புத்தகம் சாருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. மாடிப்படி ஏறினால் விழுந்துவிடுவோமோ என்று பயம். இறங்கினால் சொல்லவே வேண்டாம். தபாலில் நீளமான உறை வந்தால் அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் அலமாரி மேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருவார். தொலைபேசி அடித்தால் "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் எடுப்பார். "உங்க அப்பா தன் நிழலைப் பாத்தே 'யாரது?'ன்னு கேக்கற ஆளு" என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பொய்யில்லையே.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில். அழுக்குப் போர்வை எத்தனை வந்தது, வெளுத்த போர்வை எத்தனை போயிற்று என்று எண்ணி எழுத வேண்டும். இருபத்தாறு வருஷமாக எண்ணுகிறார், ஒரு தலையணை உறைகூடத் தப்பியதில்லை. அதற்காக யாராவது மதித்தார்களா? லாரி ஓட்டுகிறவனிலிருந்து கொதிகலன் பார்க்கிறவன் வரை எல்லோருக்கும் அவர் "யோவ்"தான். மேனேஜர் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். விரலைச் சொடுக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் புத்தகம் சார் வேறு ஆள். டயர் கடை மாடியில் இருந்த சதுரங்க கிளப்பின் கதவைத் திறந்து, முதுகில் 'நடுவர்' என்று எழுதிய நீலக் கோட்டை மாட்டிக்கொண்டால், ஊரே அவரை "சார்" என்றது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அகலமான பை. பேனா, அழிரப்பர், கடிகாரத்துக்கு மாற்று பாட்டரி, இருமல் மிட்டாய், கைக்குட்டை என்று ஒரு பெட்டிக்கடையே அதற்குள் இருக்கும். மேல் பையில் அட்டை கிழிந்த விதிப் புத்தகம்.

நடுவரானதும் பயத்தால்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் விளையாடத்தான் கிளப்புக்குப் போனார். முதல் பந்தயத்திலேயே கை நடுங்கி, குதிரையை எடுக்கப் போய் ராஜாவைத் தள்ளி, ராஜா உருண்டு எதிராளியின் தேநீருக்குள் விழுந்தது. அவ்வளவுதான், இனிமேல் விளையாடுவதில்லை என்று முடிவு கட்டினார். ஆனால் கிளப்பை விட மனசு வரவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. விளையாடுகிறவன் தோற்பான், நடுவர் எங்கேயாவது தோற்றிருக்கிறாரா? விதிப் புத்தகத்தை வாங்கி வரி வரியாக நெட்டுருப் போட்டார். அதன் பிறகு யார் எது கேட்டாலும் அவர் சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "புத்தகத்துல இருக்கு" என்பார், பக்கத்தைத் திறந்து காட்டுவார், தீர்ந்தது கதை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உறவு, பகை எதுவும் அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. சொந்த மச்சான் ஜெயிக்கிற நிலையில் இருந்தபோது அவன் சட்டைப்பையில் கைபேசி அடித்துவிட்டது. அடித்தால் தோல்வி என்று விதி. தோல்வி என்று எழுதிவிட்டார். கூப்பிட்டது வேறு யாருமில்லை, புத்தகம் சாரின் மனைவியேதான். வரும்போது இரண்டு பல்பு வாங்கி வரச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். மச்சான் ஆறு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அது சிரித்து மறக்கிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது.

கிளப்பில் முன்பு இன்னொரு நடுவரும் இருந்தார். அந்தப் பகுதிக்குத் தபால் கொடுக்கும் தபால்காரர். நல்ல மனுஷன், நகைச்சுவைக்காரர், புத்தகம் சாருக்கு இருந்த ஒரே சிநேகிதர் என்றுகூடச் சொல்லலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயத்தில் அவர் ஓர் ஆட்டத்தின் குறிப்புத்தாளைத் தொலைத்துவிட்டு, பயத்தில் நினைவிலிருந்து புதிதாக ஒன்று எழுதி வைத்துவிட்டார். புத்தகம் சார் அதைப் பார்த்துவிட்டார். சதுரங்கச் சங்கத்துக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். கடமை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், பின்னால் விஷயம் வெளியே வந்தால் தானும் மாட்டிக்கொள்வோமே என்ற நடுக்கம். தபால்காரரைச் சங்கம் நீக்கியது. அன்றிலிருந்து அவர் கிளப் பக்கமே வரவில்லை. ஆனால் தபால் கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? தினமும் பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்கு வருவார், கடிதத்தைக் கதவு இடுக்கில் செருகுவார், முகத்தைப் பார்க்காமல் போவார். லீவு நாளில் வீட்டில் இருந்தால் புத்தகம் சார் அந்த நேரத்துக்குக் குளியலறைக்குள் புகுந்துகொள்வார்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமை, வருஷத்தின் கடைசிப் பந்தயம். பாலத்துக்கு அந்தப் பக்கத்து கிளப் வந்திருந்தது. ஆறு போர்டு, ஆறு ஆட்டம். தோற்கிற கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். நம்ம கிளப் முப்பது வருஷமாக முதல் பிரிவில் இருந்தது. முதல் போர்டில் நம்ம பக்கம் கிளப் தலைவர். தலைவர் யார்? சலவை ஆலை மேனேஜரேதான். எதிரே பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார், காய்க்கு வலிக்குமோ என்பது போல மெதுவாகத் தொட்டு வைப்பார்.

மேனேஜர் விளையாடுகிற போர்டுக்குப் பக்கத்தில் நிற்பதே புத்தகம் சாருக்குக் கண்டம். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டு வெளியே போய்விட்டன. மேனேஜர் குறிப்பெழுதக் கையைத் திருப்பியபோது, முழங்கை பட்டு, நர்ஸம்மாவின் வெட்டுப்பட்ட வெள்ளை ராணி மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. புத்தகம் சார் ஓடிப்போய் எடுத்தார். மேஜையில் வைக்கத்தான் போனார், சத்தியமாக. அதற்குள் நாலாவது போர்டில் ஒருவர் கையைத் தூக்கிவிட்டார்.

"சார், இவரு மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருக்காரு சார். யோசிக்கவே முடியல."

"ஜலதோஷம் சார், நான் என்ன வேணும்னா பண்றேன்?" என்றார் எதிராளி.

"புத்தகத்துல இருக்கா சார் இதுக்கு?"

இருந்தது. எதிராளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒரு வரி. புத்தகத்தைத் திறக்க இரண்டு கையும் வேண்டுமே, கையில் இருந்ததைக் கோட்டுப் பையில் போட்டார். பக்கத்தைக் காட்டினார், தன் கைக்குட்டையையே எடுத்து ஜலதோஷக்காரரிடம் கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது. ராணி பாட்டரிக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு அது அடியோடு மறந்து போயிற்று.

பகல் ஒரு மணிக்கு ஐந்து ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டரைக்கு இரண்டரை. அறையில் இருந்த எல்லோரும் முதல் போர்டைச் சுற்றி நின்றார்கள். நர்ஸம்மாவிடம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் நேரம் இருந்தது. அவருடைய சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி கீழே, அங்கே போய்விட்டால் அது ராணியாகிவிடும். மேனேஜருடைய சிப்பாயும் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. யார் முந்துகிறார்களோ அவர்கள் ஆட்டம்.

நர்ஸம்மா சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினார். ராணிக்காக மேனேஜர் பக்கம் கிடந்த வெட்டுப்பட்ட காய்களுக்கு மேல் கையை ஓட்டினார். ராணியைக் காணோம். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தேடினார். பிறகு வெட்டுப்பட்ட தன் யானையை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து அந்தக் கட்டத்தில் வைத்து, "ராணி" என்று முணுமுணுத்தபடி கடிகாரத்தை அழுத்தினார்.

வீட்டில், பூங்காவில், ரயிலில் விளையாடுகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். ராணி கைக்கு அகப்படாவிட்டால் யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று வைத்துக்கொள்வது. ஆனால் பந்தயத்தில் யானை நின்றாலும் யானை, கவிழ்ந்தாலும் யானை, நேர்கோட்டில்தான் போகும். ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும்.

மேனேஜர் கவிழ்ந்த யானையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் புத்தகம் சாரைப் பார்த்தார். முகத்தையல்ல, கோட்டை. ஒன்றும் சொல்லாமல் தன் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்துக் கடிகாரத்தை அழுத்தினார். நர்ஸம்மா கவிழ்ந்த யானையைத் தூக்கிக் குறுக்காக நாலு கட்டம் தள்ளி வைத்து, ராஜாவுக்குச் செக் கொடுத்தார்.

மேனேஜர் சாவகாசமாகக் கடிகாரத்தை நிறுத்தினார்.

"நடுவர் சார், யானை எப்பலேர்ந்து குறுக்கே போகுது?"

அறையில் ஒரு சலசலப்பு. நர்ஸம்மா விழித்தார். கேள்வி என்று வந்துவிட்டால் புத்தகம் சாருக்குள் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும்.

"கவுத்து வச்சாலும் அது யானைதாங்க. குறுக்கே போக முடியாது. தப்பான ஆட்டம். எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடும். அப்புறம், தொட்ட காயைத்தான் நகத்தணும். யானையை யானை மாதிரி நகத்துங்கம்மா."

யானையை நகர்த்தினால் மேனேஜருடைய சிப்பாய் ராணியாகிவிடும். அதை அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்துகொள்ள ஒரு நொடி போதுமாயிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் "அநியாயம்" என்று கத்த ஆரம்பித்தார்கள். நர்ஸம்மாவே கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"சார் சொல்றது சரிதான். தப்பு என்னோடது. கடிகாரத்தை நிறுத்திட்டுக் கேட்டிருக்கணும். பதட்டத்துல தோணல. மன்னிச்சுக்குங்க சார், உங்களுக்கு வேற வீண் சிரமம்."

அந்த ரெண்டு நிமிஷத்தைத் தாளில் குறிக்கப் பேனா எடுக்கலாம் என்று புத்தகம் சார் பைக்குள் கையை விட்டார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பேனா இல்லை. பாட்டரி இல்லை. உச்சியில் பல் பல்லாகக் கிரீடம்.

ஐயோ, அந்த ஒரு நொடி! கையை வெளியே எடுக்கவும் முடியவில்லை, உள்ளே வைத்திருக்கவும் முடியவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? இருபது பேரா, முப்பது பேரா? யாராவது பார்த்துவிட்டார்களா? கோட்டு கண்ணாடியில் செய்தது போலவும், உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிவது போலவும் இருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கைக்குட்டையும் இல்லை, அது ஜலதோஷக்காரரிடம் இருக்கிறது.

மேனேஜர் மட்டும் லேசாகச் சிரித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, கடிகாரத்தைச் சரிபார்க்கிற பாவனையில் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ளேயே இருக்கட்டும்" என்றார், உதடு அசையாமல். "கீழ விழுந்ததையும் பாத்தேன், நீ எடுத்து உள்ள போட்டதையும் பாத்தேன். வேற எவனும் பாக்கல. கடிகாரத்தை ஓட விடு."

விதி என்னவோ மேனேஜர் பக்கம்தான். ராணி எங்கே போனால் என்ன, கேட்காதது நர்ஸம்மாவின் குற்றம் என்று புத்தகமே சொல்லும். அதுதான் புத்தகம் சாரை இன்னும் பயமுறுத்தியது. பதினாலு வருஷமாக அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவர், இன்றைக்கும் அதே இடத்தில் பத்திரமாக ஒளிந்துகொள்ளலாம். வெளியே எடுத்தால்? காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட நடுவர், அதுவும் தன் முதலாளி விளையாடும்போது. வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். சங்கம் நீக்கிவிடும். இந்தக் கோட்டு போய்விடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கும் அவர் வெறும் "யோவ்"தான். அது போதாதென்று திங்கட்கிழமை ஆலைக்குப் போய் இதே மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும்.

கடிகாரத்தின் பொத்தான் மேல் அவருடைய இடது கை இருந்தது. அழுத்தினால் முடிந்தது. அழுத்தத்தான் போனார். அதில் சந்தேகம் வேண்டாம்.

அப்போது நர்ஸம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, பட்டை கட்டிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பிறகு கைகளை ஊன்றி மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ராணியைத் தேடறேன் சார். இங்கதான் எங்கேயாவது உருண்டிருக்கும். என் ஆட்டம் போகட்டும், உங்க செட்டுல ஒண்ணு குறைஞ்சா அடுத்த வாரம் உங்களுக்குத்தானே தலைவலி?"

அவர் மேஜையின் ஒவ்வொரு காலையும் தடவித் தடவிப் பார்த்தார். "உங்க காலைக் கொஞ்சம் எடுங்க சார்" என்று புத்தகம் சாரின் செருப்புக்குப் பக்கத்திலும் தடவினார். புத்தகம் சார் காலைத் தூக்கினார். தன் பைக்குள் இருப்பதைத் தன் காலடியில் ஒரு பெண்மணி தேட, அதற்கு ஒத்தாசையாகக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். தபால்காரரின் முகம் ஞாபகம் வந்தது. தொலைந்த தாளுக்குப் பதில் புதிதாக எழுதி வைத்த அன்றைக்கு அந்த மனுஷனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? அவமானம் தாங்கவில்லை. பயம் குறைந்தது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். பயம் அப்படியேதான் இருந்தது, கூடுதலாக இதுவும் சேர்ந்துகொண்டது.

"அம்மா, எழுந்திருங்க" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "அது அங்க இல்ல."

கையை வெளியே எடுத்தார். ராணியை மேஜை மேல் வைக்கப் போனார். அது இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவைதான் நின்றது.

"என்கிட்ட இருந்துச்சு. கீழ விழுந்தப்ப எடுத்தேன். வைக்க மறந்துட்டேன். காலையிலேர்ந்து என் பாக்கெட்லதான் இருந்துச்சு."

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் "திருட்டுப் பய கிளப்பு" என்றார். நம்ம பக்கத்து ஆள் ஒருவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். மேனேஜர் எல்லோருக்கும் மேலே குரலை உயர்த்தினார்.

"எவன் பாக்கெட்ல இருந்தா என்ன? ராணி இல்லன்னா கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடணும்னு புத்தகத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"அந்த நடுவரே ராணியைப் பாக்கெட்ல வச்சிருந்தா என்ன பண்றதுன்னு இல்ல சார்."

ஜலதோஷக்காரர் பக்கென்று சிரித்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். புத்தகம் சார் சிரிக்கவில்லை. மேல் பையில் இருந்த புத்தகத்தைத் தொட்டார், ஆனால் திறக்கவில்லை. "புத்தகத்துல இல்லாததை நடுவர் நியாயமா யோசிச்சுத் தீர்க்கணும்னு முன்னுரையில போட்டிருக்கு. நான் இதுவரைக்கும் யோசிச்சதில்ல. இப்ப யோசிக்கறேன். சிப்பாயைத் தள்ளறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி வைக்கறேன். நேரமும் அப்படியே. யாருக்கும் தண்டனை நேரம் இல்ல. ஒத்துக்க முடியலன்னா சங்கத்துல புகார் குடுங்க சார். நான் செஞ்ச தப்பை நானே எழுதிக் குடுத்துடறேன்."

பதினாலு வருஷத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் தீர்ப்பு அது. சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடர்ந்தது. சிப்பாய் மறுபடி கடைசிக் கட்டத்துக்குப் போயிற்று. இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் வெள்ளை ராணி நிமிர்ந்து நின்றது. ஒன்பதே நகர்த்தலில் மேனேஜர் தோற்றார். முப்பது வருஷம் முதல் பிரிவில் இருந்த கிளப் அன்றைக்கு மதியம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. நர்ஸம்மா கையை நீட்டினார். மேனேஜர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நீட்டிய கையை நர்ஸம்மா புத்தகம் சார் பக்கம் திருப்பினார். "தண்ணி குடிங்க சார், முகம் வெளுத்துப் போயிருக்கு" என்றார், நர்ஸ் புத்தி போகுமா? நம்ம கிளப்காரர்கள் ஒருவரும் புத்தகம் சாரிடம் பேசவில்லை. முதல் போர்டுக் காய்களை அவர் ஒருவராகவே எண்ணிப் பெட்டியில் வைத்தார். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டு.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி கேலி செய்யவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க, மேனேஜரையா எதுத்தீங்க? நீங்களா?"

"எதுக்கல. அவர் தோத்துட்டாரு."

"அதைத்தான் கேக்கறேன். நாளைக்கு வேலைக்குப் போகணுமே!"

"தெரியும்" என்றார். உட்கார்ந்து சங்கத்துக்கு இரண்டு பக்கம் எழுதினார். தபால்காரரைப் பற்றி எழுதியதும் இரண்டு பக்கம்தான். அன்றைக்குத் தடுமாறாமல் ஓடிய பேனா இன்றைக்கு வரிக்கு வரி நின்றது. 'மறதியால் நேர்ந்தது' என்று எழுதி, தபால்காரருக்கு இந்த வார்த்தையை நாம் எழுதிக் கொடுத்தோமா என்று தோன்றி, அதை அடித்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. விரலைக்கூடச் சொடுக்கவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலை, இந்த மௌனத்தில் புத்தகம் சார் பாதி ஆளாகிவிட்டார். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தால் போதும், எண்ணிக்கை தவறியது. வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. எண்ணுகிற மேஜையிலிருந்து அவரை ஈரப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து வண்டியில் போடுகிற இடம். ஐம்பத்து நாலு வயதில் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போய் நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் முதுகு நிமிரவில்லை. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள், மேனேஜரைத் தன்னால் முடிந்த மட்டும் திட்டித் தீர்த்தாள்.

மூன்றாவது வாரம், அவருக்கு லீவு நாள், பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தபால் என்றால் இடுக்கில் செருகத்தானே வேண்டும், தட்டுவானேன்? மனைவி வெளியே போயிருந்தாள். குளியலறைக்குள் ஓடப் பார்த்தார். முதுகு ஒத்துழைக்கவில்லை. கதவைத் திறந்தார்.

தபால்காரர் நின்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தார். கையில் நீளமான உறை, மூலையில் சங்கத்தின் முத்திரை.

"இதைப் பிரிக்காம ரெண்டு நாள் வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு அவ்வளவு நேரம் இல்ல. பிரிங்க."

பிரித்தார். ஆட்ட முடிவு செல்லும். நடுவர் ஓராண்டுக்கு எந்தப் பந்தயத்திலும் பணியாற்றக் கூடாது. வேறு நடுவர் இல்லாததால் கிளப்பின் நடுவர் பொறுப்பை முன்னாள் நடுவரே மீண்டும் ஏற்பார், கடிகாரங்களையும் காய்களையும் அவரிடம் ஒப்படைக்கவும். புத்தகம் சார் நிமிர்ந்து பார்த்தார். முன்னாள் நடுவர் தபால் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"எனக்கும் நேத்து ஒண்ணு வந்துச்சு. என் தபாலை நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்" என்றார் தபால்காரர். சிரிப்பதா வேண்டாமா என்று புத்தகம் சாருக்குத் தெரியவில்லை.

அலமாரியிலிருந்து கிளப்பின் கடிகாரங்களும் காய்களும் இருந்த பெட்டியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். நீலக் கோட்டை மடித்து அதன் மேல் வைத்தார். பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, உள்ளே எதுவும் இல்லை என்று காட்டினார்.

"எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க."

"நீங்க எண்ணினீங்களா?"

"நாலு தடவை."

"அப்ப நான் எதுக்கு எண்ணணும்?" தபால்காரர் பெட்டியை மூடினார். ஆனால் தூக்கவில்லை. "மூணு வருஷம். ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணி ஆச்சுன்னா, என்ன பண்றதுன்னே தெரியாம வீட்டுக்குள்ள நடப்பேன். என் வீட்டுக்காரி 'எங்கேயாவது போய்த் தொலைங்க'ன்னு திட்டுவா. போக இடம் இல்ல. உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகல, பாத்துக்குங்க."

"கோபம் போக வேண்டாம்" என்றார் புத்தகம் சார். "நான் கடமைன்னு எழுதல. பயத்துல எழுதினேன். மாட்டிக்குவோமோன்னு."

"தெரியும். நானும் பயத்துலதானே அந்தத் தாளை எழுதினேன்." தபால்காரர் கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கிளப்புல மேனேஜர் விலகிட்டாரு. எல்லாரும் ஒரு போர்டு மேல ஏறிட்டாங்க, ஆறாவது போர்டுக்கு ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

"வந்து?"

"வந்து என்ன, விளையாடுங்க. நடுவரா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு, விளையாடக் கூடாதுன்னு போடல. வேணும்னா உங்க புத்தகத்தைப் பாருங்க."

புத்தகம் சாருக்குக் கண் முன்னால் அந்தப் பழைய ராஜா தேநீருக்குள் உருண்டு விழுந்தது.

"என்னால முடியாது சார். கை நடுங்கும். எனக்குப் பயம்."

"எல்லாருக்கும்தான் பயம்" என்றார் தபால்காரர், பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "அதுக்குத்தானே நடுவர்னு ஒருத்தரை நிக்க வச்சிருக்கோம்? நான் பக்கத்துலயே நிப்பேன், வாங்க."

அவர் படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகம் சார் கதவைச் சாத்தாமல் உள்ளே போய், மகளின் பழைய சதுரங்கப் பலகையைப் பரண் மேலிருந்து இறக்கி, தூசி தட்டி, காய்களை அடுக்கினார். ஒரு யானை குறைந்தது. அந்த மூலையில் ஓர் அழிரப்பரை வைத்துவிட்டு, நடுங்குகிற கையால் முதல் சிப்பாயை நகர்த்தினார்.